பழைய சைக்கிளுக்கு நல்ல பிரேக்: கடைக்காரர் அறிய வேண்டிய பாடம்

"பிரேக் பிடிக்கவில்லை, ஒரு ஜோடி கட்டை கொடுங்கள்." சைக்கிள் உதிரி பாகக் கடை வைத்திருக்கும் நம் அன்பர்கள் நாள்தோறும் கேட்கும் வாசகம் இது. கட்டையை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டுக் கொள்வது சுலபம். ஆனால் அந்தக் கட்டை அவருடைய வண்டியை நிறுத்துமா என்பதே கேள்வி. நிறுத்தாது என்றால், நாம் விற்றது சரக்கு அல்ல, வெறும் நம்பிக்கை. இறக்கத்தில் அந்த நம்பிக்கை கைவிட்டால் விழுவது வாடிக்கையாளர். கூடவே விழுவது கடையின் பெயர்.

நம் மாவட்டத்தில் பழைய சைக்கிள்கள் இன்னும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. குளச்சலிலும் முட்டத்திலும் மீன் ஏற்றிச் செல்பவர், தோட்டத்திலிருந்து ஒட்டுப்பால் கொண்டு வருபவர், சந்தைக்கு வாழைக்குலை கொண்டு போகிறவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று பலருக்கும் அதுவே வாகனம். புதிய வண்டி வாங்க எல்லோராலும் முடிவதில்லை. வாங்க வேண்டிய அவசியமும் பல நேரங்களில் இல்லை. பழைய வண்டியின் பிரேக்கைப் படிப்படியாக மேம்படுத்த முடியும். எந்தப் படியில் என்ன செலவு, என்ன பயன், எதைச் செய்யவே கூடாது என்பதைச் சில்லறை வியாபாரியும் மொத்த வியாபாரியும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அதையே இங்கு ஒரு பாடமாகத் தொகுத்துத் தருகிறோம்.

நம் கடைக்கு வரும் இரண்டு வகை வண்டிகள்

1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டு வருவதற்கு முன், டயரின் மேலேயே ஒரு கட்டையை அழுத்தி வண்டியை நிறுத்துவார்கள். காற்றடைத்த டயர் வந்த பிறகு அந்த முறை டயரைத் தின்றது. ஆகவே பிடிப்பு டயரை விட்டு ரிம்முக்கு மாறியது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கிலும் இரண்டு கிளைகள் வளர்ந்தன. ஒன்று, இரும்புக் கம்பிகளால் இழுக்கும் கம்பி பிரேக். மற்றொன்று, உறைக்குள் ஓடும் வயரால் இழுக்கும் வயர் பிரேக். அந்த வயருக்கு 1896-ல் காப்புரிமை பெற்றவர் பௌடன் என்பவர். அவர் பெயராலேயே அது உலகெங்கும் அழைக்கப்படுகிறது.

நம் நாட்டில் 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்தது. 1951-ல் சோனிப்பட்டில் அட்லஸும், 1956-ல் லூதியானாவில் ஹீரோவும் வந்தன. ஹெர்குலிஸ், அட்லஸ், ஹீரோ என்று நம் பெரியவர்கள் ஓட்டிய 28 அங்குலப் பெரிய வண்டிகள் பெரும்பாலும் கம்பி பிரேக் வண்டிகளே. பின்னர் வந்த 26 அங்குல வண்டிகளிலும் இளைஞர் வண்டிகளிலும் வயர் பிரேக் பரவியது.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாட்டைக் கடைப் பையன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தை, அதாவது ஹப்பைப் பார்த்த முகத்தைப் பிடிக்கின்றன. வயர் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் இரண்டு பக்கச் சுவர்களைப் பிடிக்கின்றன. ஆகவே கட்டையும் வேறு, ரிம்மின் வடிவமும் வேறு. கம்பி பிரேக் வண்டிகளுக்குரிய வெஸ்ட்வுட் ரிம்முக்குப் பக்கவாட்டில் தட்டையான சுவர் கிடையாது, வளைந்திருக்கும். அதில் வயர் பிரேக்கை மாட்டினால் கட்டை பிடிக்க இடமே இருக்காது. இது தெரியாமல் விற்கப்படும் சரக்கு மறுநாளே திரும்பி வரும்.

நம் மாவட்டத்தில் பிரேக் ஏன் தோற்கிறது?

முதல் காரணம் மழை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, நமக்கோ இடவப்பாதியும் உண்டு, துலா மழையும் உண்டு. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவதற்கு அது வரம். ஆனால் குரோமியம் பூசிய இரும்பு ரிம்முக்கு அது சோதனை. வழுவழுப்பான அந்தப் பூச்சின் மேல் தண்ணீர் மெல்லிய படலமாக நிற்கும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே அது எண்ணெய் போல் வழுக்கும். சக்கரம் சில சுற்றுச் சுற்றி நீர் துடைக்கப்பட்ட பிறகே கட்டை பிடிக்கத் தொடங்கும். அதற்குள் வண்டி எத்தனையோ அடி தாண்டிப் போயிருக்கும்.

இரண்டாவது காரணம் மேடு பள்ளம். தோவாளை, சுசீந்திரம், பூதப்பாண்டி பக்கம் வயல் வெளியில் ஓட்டுபவருக்குத் தெரியாத சிரமம் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் ஓட்டுபவருக்குத் தெரியும். அங்கே சாலை ஏறி இறங்கிக் கொண்டே இருக்கும்.

மூன்றாவது காரணம் கடற்காற்று. உப்புக் காற்று வயரையும், கம்பி இணைப்புகளையும், ஸ்குருக்களையும் துரு ஏற்றிவிடும். நான்காவது காரணம் சுமை.

இவை ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்குச் சுமார் 5.6 மீட்டர். உலர்ந்த சாலையில், சமதளத்தில், இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும் வண்டி இந்த வேகத்திலிருந்து 4 மீட்டருக்குள் நின்றுவிடுவதாக வைத்துக் கொள்வோம். மழையில் பிடிப்பு காற்பங்காகக் குறைந்தால் அதே வண்டி நிற்க 16 மீட்டர் வேண்டும். அதுவே 20 அடிக்கு ஒரு அடி இறங்கும் சரிவாக இருந்தால் தூரம் 31 மீட்டரைத் தாண்டிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆனால் அதற்கு மேலும் 5.6 மீட்டர்.

சுமையின் கணக்கும் அப்படித்தான். ஓட்டுபவர் 65 கிலோ, வண்டி 20 கிலோ, ஆக 85 கிலோ. கேரியரில் 60 கிலோ மூட்டை ஏறினால் 145 கிலோ. பிரேக் கொடுக்கும் விசை அதேதான் என்றால் நிற்கும் தூரம் 1.7 மடங்கு ஆகிவிடும். வேகம் இரட்டித்தாலோ தூரம் நான்கு மடங்கு. ஆகவே 'என் வண்டி நன்றாகத்தானே நிற்கிறது' என்று வெயில் காலத்தில், வெறும் வண்டியில், சமதளத்தில் சொல்வது முழு உண்மை ஆகாது.

சரக்கை எடுக்கும் முன் ஐந்து சோதனைகள்

கட்டை கேட்டு வருபவரிடம் முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும்.

1. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வயர் பிரேக்குக்குப் பக்கவாட்டுக் கோட்டம் ஆகாது. கம்பி பிரேக்குக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும் கோட்டம் ஆகாது. கோட்டம் உள்ள சக்கரத்தில் எந்தக் கட்டை போட்டாலும் ஓரிடத்தில் உரசும், ஓரிடத்தில் எட்டாது.

2. ரிம்மைத் துடைத்துப் பாருங்கள். துரு, தார், எண்ணெய்ப் பிசுக்கு எது இருந்தாலும் கட்டை வழுக்கும். ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைக்கும்போது சிலர் ரிம்மிலும் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி விடுகிறார்கள். பளபளப்பு கண்ணுக்கு அழகு, பிரேக்குக்குப் பகை. சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும் வண்டிகள் உண்டு.

3. கட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிக் கல்லைப் போல் ஆகியிருக்கும். முகம் கண்ணாடி போல மின்னினால் அது பிடிக்காது. கட்டையில் மணலோ உலோகத் துகளோ பதிந்திருந்தால் அது ரிம்மை அறுக்கும்.

4. இணைப்புகளைப் பாருங்கள். கம்பி பிரேக்கில் ஒவ்வொரு மூட்டிலும் ஆட்டம் விழுந்திருக்கும். பின் பிரேக்கில் மூட்டுகள் அதிகம். ஆகவே அதில்தான் இழப்பும் அதிகம். வயர் பிரேக்கில் வயரின் இழைகள் லீவர் முனையிலும், வயரை இறுக்கும் போல்ட் அருகிலும் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த வயரை மாற்றியே ஆக வேண்டும்.

5. சக்கரம் போர்க்கில் நடுவாக உட்கார்ந்திருக்கிறதா, ஹப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கோன் தளர்ந்த சக்கரத்துக்குப் பிரேக் வைப்பது ஆடுகிற தூணில் கதவு மாட்டுவது போன்றது.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகு பல வண்டிகளுக்குப் புதிய பாகம் எதுவுமே தேவைப்படாது. அப்போது கூலி மட்டும் வாங்கிக் கொண்டு அனுப்புவதில் நட்டம் இல்லை. அந்த வாடிக்கையாளர் அடுத்த டயருக்கும் நம்மிடமே வருவார்.

முதல் படி: கட்டை

குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது நல்ல கட்டைதான். கம்பி பிரேக்குக்கும் வயர் பிரேக்குக்கும் கட்டை வேறு வேறு என்பதை முன்பே சொன்னோம். இரும்பு ரிம்முக்கும் அலுமினிய ரிம்முக்கும் ஏற்ற ரப்பர்க் கலவையும் வேறு. அலுமினிய ரிம்முக்கென்று செய்த கட்டை குரோமிய ரிம்மில் ஈரத்தில் ஏமாற்றும். இரும்பு ரிம்முக்காக மேல்நாடுகளில் தோல் பதித்த கட்டைகள்கூட ஒரு காலத்தில் விற்றார்கள். ஆகவே கொள்முதலின்போதே 'எந்த ரிம்முக்கு?' என்று கேட்டு வாங்கித் தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

கட்டையைப் பொருத்துவதில் மூன்று விதிகள் உண்டு. ரிம்முக்கும் கட்டைக்கும் இடையே பக்கத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கட்டை முழு முகத்தாலும் ரிம்மைத் தொட வேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் டயர் கிழியும், கீழே இறங்கினால் ஒருநாள் ரிம்மை விட்டு நழுவி ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். மூன்றாவது விதி மிக முக்கியம். கட்டை உட்காரும் தகட்டுக் கூட்டில் ஒரு முனை திறந்தும் ஒரு முனை மூடியும் இருக்கும். அந்த இடத்தில் ரிம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையை நோக்கி மூடிய முனை இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிரேக் பிடித்த வேகத்தில் ரப்பர் வெளியே பறந்துவிடும். மிஞ்சுவது வெறும் தகடு. இந்த ஒரு தவறு எத்தனையோ பேரைக் கீழே தள்ளியிருக்கிறது.

பிரேக் கிறீச்சிட்டால், ரிம் ஓடும் திசையில் உள்ள கட்டையின் முனை ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடும்படி லேசாகத் திருப்பி வைத்தால் சத்தம் அடங்கும். எண்ணெய் விட்டுச் சத்தத்தை அடக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் படி: வயரும் லீவரும்

வயர் பிரேக் வண்டியில் கட்டைக்கு அடுத்தபடி வயர். உள்ளே துருப்பிடித்த வயர் நம் கைவிசையில் பெரும்பகுதியைத் தானே தின்றுவிடும். உள்வயரையும் வெளி உறையையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. உறையைச் சரியான நீளத்தில், முனை நசுங்காமல் வெட்டி, மூடி போட வேண்டும். ஹேண்டில்பார் முழுவதும் திரும்பும் அளவுக்கு நீளம் இருந்தால் போதும். அதற்கு மேல் தொங்கினால் பிடி தளரும். கடலோர ஊர் வாடிக்கையாளருக்குத் துருப்பிடிக்காத எஃகு வயரைப் பரிந்துரைப்பது முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கியர் வயரின் உறையும் பிரேக் வயரின் உறையும் பார்வைக்கு ஒன்று போல் இருக்கும். ஆனால் பிரேக் உறைக்குள் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். புதிய வகைக் கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும். அதைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தம் தாங்காமல் பிளந்து போகும். அதுவும் பலமாகப் பிடிக்கும் நேரத்தில்தான் பிளக்கும். இரண்டையும் ஒரே கொக்கியில் தொங்கவிடாதீர்கள்.

லீவரும் பிரேக்கும் ஜோடி சேர வேண்டும். 1996-ல் ஷிமானோ நிறுவனம் வி-பிரேக்கை அறிமுகப்படுத்தியது. அதற்கு வயர் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் இழுக்கப்பட வேண்டும். அதற்கென்றே தனி லீவர் உண்டு. பழைய லீவரில் வி-பிரேக்கை மாட்டினால், கட்டை ரிம்மை எட்டுமுன் லீவர் ஹேண்டில்பாரில் முட்டும். நெருக்கி வைத்தாலோ சக்கரம் சட்டென்று பூட்டிக் கொள்ளும். வி-பிரேக் லீவரைப் பழைய பிரேக்கோடு சேர்த்தால் லீவர் கட்டையாக இருக்கும், வண்டியோ நிற்காது. ஒன்றை விற்கும்போது மற்றதைக் கேட்டு விற்க வேண்டும்.

மூன்றாம் படி: பிரேக் செட்

பழைய வயர் பிரேக்கின் தகடுகள் மெலிந்தவை. பலமாகப் பிடித்தால் பிரேக்கே வளைந்து கொடுக்கும். இரண்டு அச்சில் இயங்கும் புதிய வகை அலுமினியப் பிரேக் செட்டில் அந்த நெகிழ்வு குறைவு. இரண்டு பக்கமும் சமமாகத் தொடும்.

ஆனால் அளக்காமல் விற்கக் கூடாது. போர்க்கின் தலையில் பிரேக் போல்ட் நுழையும் துளையின் நடுவிலிருந்து, ரிம்மின் பக்கச் சுவரின் நடுப்பகுதி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். பந்தய வண்டிகளுக்கான செட் 39 முதல் 49 வரையும், நடுத்தரச் செட் 47 முதல் 57 வரையும் எட்டும். நம் பழைய வண்டிகளுக்கு மட்கார்டும் பருத்த டயரும் உண்டு. ஆகவே பெரும்பாலும் அதற்கும் நீண்ட கை வேண்டியிருக்கும். எட்டாத செட்டைக் கட்டையைக் கீழே இழுத்துச் சமாளிப்பது ஒரு வாரக் கதை.

நான்காம் படி: ரிம்

மழைக்கு உண்மையான மருந்து அலுமினிய ரிம். ஈரத்தில் கட்டை அதைக் குரோமிய ரிம்மைவிட வெகு நன்றாகப் பிடிக்கும். எடையும் குறையும். இதில் செலவு அதிகம், கூலியும் அதிகம். முன் சக்கரத்தை மட்டும் முதலில் மாற்றுவது சிக்கனமான வழி. ஏன் முன் சக்கரம் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ரிம் விற்பதற்கு முன் இரண்டு எண்களைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

ஒன்று, துளைகளின் எண்ணிக்கை. பழைய ஆங்கிலேய முறை வண்டிகளில் முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 ஸ்போக்ஸ் கம்பிகள் இருக்கும். புதிய ரிம்களோ பெரும்பாலும் 36 துளை. ஹப்பின் துளையும் ரிம்மின் துளையும் ஒத்துப் போகாவிட்டால் ஹப்பையும் மாற்ற வேண்டிவரும். அதைச் சேர்த்தே விலை சொல்ல வேண்டும்.

இரண்டு, டயர் உட்காரும் விட்டம். அங்குலக் கணக்கு ஏமாற்றும். மில்லிமீட்டர்க் கணக்கே சரி. 28 x 1½ என்பது 635 மில்லிமீட்டர். ஆனால் 28 என்றே தொடங்கும் 700சி வகை 622 மில்லிமீட்டர். '26' என்று எழுதியிருப்பதிலோ 26 x 1⅜ என்றால் 590, 26 x 1½ என்றால் 584, மலையேற்ற வண்டிகளின் 26 என்றால் 559. இவற்றில் ஒன்றின் டயர் மற்றதன் ரிம்மில் சேராது. 635-க்குப் பதில் 622 ரிம் போட்டால் ரிம்மின் விளிம்பு 6.5 மில்லிமீட்டர் கீழே இறங்கும். பிரேக்கின் கையும் அந்த அளவுக்கு நீள வேண்டும். ஸ்போக்ஸ் கம்பியின் நீளமும் மாறும். பழைய கம்பியையே வெட்டிப் போடுவது வேண்டாம்.

அலுமினிய ரிம் தேயும் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். மணலும் சேறும் சேர்ந்து கட்டை அதை நாளடைவில் குழியாக அரைக்கும். சுவர் மெலிந்து குழிந்த ரிம்மை மாற்றாவிட்டால் காற்றழுத்தத்தில் ஒருநாள் வெடித்துத் திறந்துவிடும்.

கம்பி பிரேக்கை வயர் பிரேக்காக மாற்றலாமா?

இதைக் கேட்டு வருபவர்கள் உண்டு. முடியும், ஆனால் கட்டை மட்டும் மாற்றி முடியாது. ரிம் மாற வேண்டும், லீவர் மாற வேண்டும், நீண்ட கை உள்ள பிரேக் செட் வேண்டும், போர்க்கில் போல்ட் நுழையத் துளை இருக்க வேண்டும். மட்கார்டு மாட்டுவதற்காகப் பல போர்க்குகளில் முன்னமே துளை உண்டு. அது நேராகவும் அகலம் சரியாகவும் இருந்தால் வேலை எளிது. இல்லாத இடத்தில் புதிதாகத் துளை போடுவதும், போர்க்கில் வெல்டிங் வைப்பதும் இரும்பின் பலத்தைக் குறைக்கும். போர்க் முறிந்தால் ஓட்டுபவரின் பல்லும் தாடையும்தான் முதலில் தரையைத் தொடும். அந்த வேலையை மறுத்துவிடுவதே தர்மம்.

இரண்டு வகைப் பிரேக்குக்கும் பொருந்தும் வெஸ்ட்ரிக் என்ற ரிம் வடிவமும் உண்டு. பக்கச் சுவர் தட்டையாகவும் உட்பக்கம் கம்பி பிரேக்குக்கு ஏற்றதாகவும் இருக்கும். வண்டியில் இருப்பது அந்த ரிம்தானா என்று பார்த்துக் கொண்டால் ரிம் செலவு மிச்சம். ஆனால் அது இரும்பாக இருக்கும்வரை மழைக் குறை தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூட்டை ஏற்றும் பெரிய வண்டிக்கு நம் கருத்து இது: மூட்டுகளின் ஆட்டத்தைத் தீர்த்து, கோட்டம் எடுத்து, நல்ல கட்டை போட்டு, கம்பி பிரேக்கையே ஒழுங்காக வைத்திருப்பது அரைகுறை மாற்றத்தைவிட மேல். கம்பி அறுந்து போவதில்லை. சுமைக்காரருக்கு அது ஒரு பலம்.

முன் பிரேக்கைப் பற்றிய பயம்

'முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம்' என்று சொல்லி அதைக் கழற்றி வைத்திருப்பவர்கள் ஏராளம். பாதி உண்மை இது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. பின் சக்கரம் லேசாகி வழுக்கத் தொடங்குகிறது. ஆகவே வெறும் வண்டியில் பின் பிரேக் மட்டும் பிடித்தால் நிற்கும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சட்டென்று அள்ளிப் பிடித்தால்தான் முன் பிரேக் ஆபத்து. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தினால் அதுவே உயிர் காக்கும். மணல் கிடக்கும் இடத்திலும் வளைவிலும் மட்டும் முன் பிரேக்கை மென்மையாகக் கையாளச் சொல்லுங்கள். ஒரு பிரேக்கை மட்டும் மேம்படுத்தக் காசு இருந்தால் முன் பிரேக்கை மேம்படுத்தச் சொல்லுங்கள். முன் பிரேக்கே இல்லாத வண்டிக்கு மற்ற வேலை பார்க்கும்போது அதை எடுத்துச் சொல்லாமல் அனுப்ப வேண்டாம்.

வண்டியை ஒப்படைக்கும் முன்

லீவரை முழு பலத்துடன் பிடித்தால் அதற்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஒரு விரல் கனமாவது மிஞ்ச வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக் கொண்டு வண்டியை முன்னால் தள்ளினால் சக்கரம் சுற்றக் கூடாது. பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் சக்கரம் இழுபட வேண்டும், உருளக் கூடாது. வயரை இறுக்கும் போல்ட்டைக் கடைசியாக ஒருமுறை ஸ்பேனரால் பார்க்க வேண்டும். பிறகு கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, அதன் பின்னரே ஒப்படைக்க வேண்டும். 'புதுக் கட்டை பதியச் சில நாள் ஆகும், மழையில் முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மை உலர்த்திக் கொள்ளுங்கள்' என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 86-வது பிரிவு, பொருளைத் தயாரிக்காத விற்பனையாளரையும் சில சூழ்நிலைகளில் பொறுப்பாளி ஆக்குகிறது. விற்பனையாளர் பொருளை மாற்றியமைத்து அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானாலோ, பொருத்துவதிலும் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் தக்க கவனம் எடுக்காவிட்டாலோ, எச்சரிக்கையை வாங்குபவரிடம் தெரிவிக்காவிட்டாலோ அவர் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே என்ன மாற்றினோம், எதை மாற்றச் சொல்லியும் வாடிக்கையாளர் வேண்டாம் என்றார் என்பதைப் பில்லில் ஒரு வரி எழுதி வையுங்கள். அது இருவருக்கும் பாதுகாப்பு.

மொத்த வியாபாரிகளுக்குச் சில குறிப்புகள்

ரப்பர்க் கட்டை பழம் போன்ற சரக்கு. வெயில் படும் அலமாரியில் கிடந்தால் விற்குமுன்பே இறுகிவிடும். வந்த தேதியைப் பெட்டியில் எழுதி, முதலில் வந்ததை முதலில் அனுப்ப வேண்டும்.

பிரேக் சரக்கு ஓடும் காலம் மழைக் காலம். ஆகவே இடவ மாத மழை தொடங்குமுன்பும், துலா மழைக்கு முன்பும் இருப்பைச் சரி பார்த்துக் கொள்வது நல்லது. கட்டை, வயர், உறை ஆகிய மூன்றும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பிரேக் செட்டும் ரிம்மும் அளவு கேட்டு வரவழைத்தால் முதல் முடங்காது.

கம்பெனிப் பெயரை மட்டும் நம்பி இருப்பு வைக்கும் காலம் போய்விட்டது. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்தியது நினைவிருக்கும். நிறுவனம் நின்றாலும் அதன் வண்டிகள் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன. அளவை வைத்துச் சரக்கை அடையாளம் காணும் கடைக்காரர் எந்த வண்டிக்கும் பாகம் தருவார்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அந்த வித்தியாசத்தை வாடிக்கையாளருக்குக் காட்டி, மட்டமான கட்டைக்குப் பதில் தரமான கட்டையை வாங்க வைப்பது நல்ல வியாபாரம்.

மட்டச் சரக்கில் கிடைக்கும் ஆதாயம் ஒருநாள் ஆதாயம். அப்பா ஓட்டிய வண்டியை மகன் ஓட்டிக் கொண்டு வந்து, 'உங்கள் கடையில்தான் அப்பா எப்போதும் வேலை பார்ப்பார்' என்று சொல்வது தலைமுறை ஆதாயம். கட்டை கேட்டு வருபவரிடம் வண்டியைக் கொண்டு வரச் சொல்லுங்கள், சோதித்துப் பாருங்கள், தேவையானதை மட்டும் கொடுங்கள், ஓட்டிப் பார்த்து அனுப்புங்கள். இதைக் கடைப் பையன்களுக்கும் வாசித்துக் காட்டுமாறு வணிக அன்பர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.